பதேர் பாஞ்சாலி: பழைய டிவிடி போதுமா, மீட்டெடுத்த பதிப்பு வேண்டுமா?

உங்கள் கேள்வியில் இரண்டு பகுதிகள் இருக்கின்றன. சத்யஜித் ரேயின் 'பதேர் பாஞ்சாலி' பழைய டிவிடியாக உங்களிடம் இருக்கும்போது, 2015-ல் மீட்டெடுக்கப்பட்டு ப்ளூ-ரேயாக வந்த பதிப்பை வாங்குவதால் கூடுதலாக என்ன கிடைக்கும் என்பது ஒன்று. டிவிடியில் பார்த்தபோது மெதுவாக நகரும் வறுமைக் கதையாகத்தானே தெரிந்தது, 1955-ல் வெளியான அந்தப் படத்தை உலகம் இன்னும் ஏன் கொண்டாடுகிறது என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் நான் தனித்தனிக் கேள்விகளாகப் பார்க்கவில்லை. அந்தப் படம் சொல்ல வந்ததில் பெரும்பகுதி வசனத்திலோ கதைத் திருப்பத்திலோ இல்லை. புல்லின் மீது விழும் வெயிலிலும், குளத்து நீரிலும், ஒரு கிழவியின் முகச் சுருக்கங்களிலும் இருக்கிறது. மோசமான பிரதியில் முதலில் அழிந்துபோவது இவைதான். இவை அழிந்த பிறகு மிஞ்சுவது வறுமைக் கதை மட்டுமே. நீங்கள் பார்த்ததும் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ரே இந்தப் படத்தை யோசித்த விதத்திலிருந்தே இதைப் புரிந்துகொள்ளலாம். அவர் கல்கத்தாவில் டி.ஜே. கீமர் என்ற விளம்பர நிறுவனத்தில் ஓவியராக வேலை பார்த்தவர். விபூதிபூஷண் பந்தோபாத்யாய 1929-ல் நூலாக வெளியிட்ட நாவலின் சிறுவர் பதிப்புக்குப் படங்கள் வரைந்துகொடுத்தபோதுதான் இதைத் திரைப்படமாக எடுக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு வலுப்பட்டது. படப்பிடிப்புக்குப் போனபோது அவர் கையில் வழக்கமான திரைக்கதைப் பிரதி இருக்கவில்லை. காட்சிகளை வரிசையாக வரைந்து வைத்திருந்த ஓவியங்களும் குறிப்புகளும்தான் இருந்தன. படம் முதன்முதலாகத் திரையிடப்பட்டது 1955 மே மாதம், நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில். அந்தக் காலக்கெடுவுக்குள் முடிப்பதற்காக ரேயும் படத்தொகுப்பாளர் துலால் தத்தாவும் இரவு பகலாக வேலை செய்தார்கள். சப்டைட்டில் சேர்க்கக்கூட நேரம் இல்லாமல் பிரதி விமானமேறியது. வங்க மொழியில் ஒரு சொல்லும் அறியாத பார்வையாளர்கள் அந்தப் படத்தோடு ஒன்றிப்போனார்கள் என்றால், அவர்களைப் பிடித்து வைத்திருந்தது படச்சுருளில் பதிவாகியிருந்த காட்சியும் ஒலியும்தான். அடுத்த ஆண்டு கான் திரைப்பட விழாவில் 'மிகச்சிறந்த மனித ஆவணம்' என்ற விருதும் அதற்குக் கிடைத்தது.

பிறகு பல ஆண்டுகள் உலகம் பார்த்தது அந்தக் காட்சியின் நிழலைத்தான். காரணம் எளியது. கேமராவில் ஓடிய மூல நெகட்டிவிலிருந்து ஒரு பாசிட்டிவ், அதிலிருந்து ஒரு டூப் நெகட்டிவ், அதிலிருந்து திரையரங்குப் பிரதி என்று ஒவ்வொரு படி இறங்கும்போதும் படம் சிறிது கூர்மை இழக்கிறது. கறுப்பும் வெளுப்பும் முரட்டுத்தனமாகின்றன. இடைப்பட்ட சாம்பல் நிறங்கள் ஒவ்வொன்றாக மறைந்துபோகின்றன. கறுப்பு வெள்ளைப் படத்துக்கு உயிரே அந்தச் சாம்பல் நிறங்கள்தான். பல கை மாறிய ஒரு பிரதியிலிருந்து வீடியோ எடுத்தால், கீறலும் தூசியும் நடுக்கமும் அதனோடு சேர்ந்துகொள்ளும். 1992 ஏப்ரலில் ரே மறைந்தார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அவருக்குச் சிறப்பு ஆஸ்கர் விருது வழங்கப்பட்டது. அதற்காக அவருடைய படங்களின் துணுக்குகளைத் திரட்டப் போனபோதே பிரதிகள் எவ்வளவு கேவலமான நிலையில் இருக்கின்றன என்பது வெளிச்சத்துக்கு வந்தது. பாதுகாப்புப் பணிக்காக மூல நெகட்டிவ்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. 1993 ஜூலையில் தெற்கு லண்டனில் இருந்த ஹெண்டர்சன் படச்சுருள் ஆய்வகத்தில் தீப்பிடித்தது. காப்பாற்றுவதற்காக அனுப்பியவை அங்கேயே எரிந்தன. அதன் பிறகு உருவான எந்த வீடியோ பதிப்புக்கும், 2015 வரை, மூல நெகட்டிவ் என்ற ஊற்று கிடைக்கவில்லை. உங்கள் டிவிடியும் அந்த இடைக்காலத்தைச் சேர்ந்தது என்றால் அதன் குறைகளுக்கு டிவிடி என்ற வடிவம் மட்டுமே பொறுப்பல்ல.

எரிந்துபோனதை, ஆஸ்கர் விருது வழங்கும் அமைப்பைச் சேர்ந்த அகாதெமி திரைப்படக் காப்பகம் தூக்கி எறியாமல் வைத்திருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் நன்றி உணர்வு பெருகுகிறது. கருகிய சுருள்களும் துண்டுகளும் சாம்பலும் டப்பாக்களோடு அமெரிக்காவுக்குப் போய், இருபது ஆண்டுகள் அங்கே இருந்தன. 2013-ல், சிறந்த படங்களைத் தகடுகளாக வெளியிடும் அமெரிக்காவின் கிரைட்டீரியன் நிறுவனம் இந்த வேலையைக் கையிலெடுத்தபோது அவை இத்தாலியில் போலோஞா நகரத்தில் உள்ள 'லிம்மாஜினே ரித்ரோவாதா' என்ற மீட்டெடுப்பு ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டன. வெப்பத்தால் வறண்டு சுருண்டு உடையும் நிலையில் இருந்த சுருளுக்கு ஈரத்தன்மையை மீண்டும் ஊட்டினார்கள். உருகிப்போன ஒட்டுநாடாவையும் மெழுகையும் அகற்றினார்கள். சுருளை இழுத்துச் செல்லும் ஓரத்துளைகள் சிதைந்திருந்த இடங்களில் அவற்றைக் கையாலேயே புதிதாக அமைத்தார்கள். கணினியில் ஸ்கேன் செய்வதற்கு முந்தைய இந்தக் கைவேலைக்கு மட்டும் ஏறத்தாழ 1000 மணி நேரம் ஆனது. இறுதியில் 'பதேர் பாஞ்சாலி'யில் 40 சதவீத அளவுக்கும், அதே சிறுவன் அப்புவின் கதையைத் தொடரும் மூன்று படங்களில் அடுத்ததான 'அபராஜிதோ'வில் 60 சதவீதத்துக்கு மேலும் அந்த எரிந்த நெகட்டிவிலிருந்தே எடுத்துக்கொள்ள முடிந்தது. மிச்சத்தை வெவ்வேறு காப்பகங்களில் இருந்த டூப் நெகட்டிவ்களிலிருந்தும், நகலெடுப்பதற்கென்றே செய்யப்பட்ட நுண்துகள் பாசிட்டிவ்களிலிருந்தும் நிரப்பினார்கள். இரண்டு மணி நேரப் படம் என்றால் நொடிக்கு 24 வீதம் 1,72,800 படச்சட்டங்கள். வெவ்வேறு மூலங்களிலிருந்து வந்தவற்றைக் கண் உறுத்தாமல் ஒன்றோடொன்று இணைக்க வேண்டியிருந்தது.

இதனால் பார்வையாளருக்கு என்ன கிடைத்தது என்பதை இரண்டு காட்சிகளை அருகில் வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். முதலாவது, எல்லோரும் அறிந்த நாணல் வெளிக் காட்சி. அக்கா துர்காவும் தம்பி அப்புவும் வீட்டிலிருந்து வெகுதூரம் வந்துவிடுகிறார்கள். தலைக்கு மேல் உயர்ந்து நிற்கும் வெண்ணிறக் காஷ் பூக்களுக்கு நடுவே ஒரு தந்திக் கம்பம் இருக்கிறது. துர்கா அதில் காதை வைத்துக் கேட்கிறாள், அது ரீங்கரிக்கிறது. பின்பு தொலைவில் கரும்புகை எழுகிறது, அப்பு ஓடுகிறான், ரயில் கடந்து போகிறது. பழைய பிரதிகளில் பூவும் வெள்ளை, வானமும் வெள்ளை. இரண்டும் ஒன்றாகக் கலந்து, பிள்ளைகள் ஏதோ வெளிறிய பரப்புக்குள் தலையை நீட்டி நிற்பதுபோல் தெரியும். மீட்டெடுத்த பதிப்பில் வானம் ஒரு சாம்பல், பூவின் முனை ஒரு வெளுப்பு, அதன் தண்டு வேறொரு சாம்பல் என்று பிரிந்து நிற்கின்றன. காற்று வீசும்போது ஒவ்வொரு கதிரும் தனித்தனியாகச் சாய்கிறது. அப்போதுதான் அந்த வெளி எவ்வளவு பெரியது, அதற்குள் அந்தப் பையன் எவ்வளவு சிறியவன் என்பது உறைக்கிறது. ரயிலின் கரும்புகை அந்த வெளுப்பின் மீது ஏன் அவ்வளவு பெரிய நிகழ்ச்சியாகப் படுகிறது என்பதும் விளங்குகிறது. படப்பிடிப்பு தொடங்கியது 1952 அக்டோபரில், இதே காட்சியோடுதான். ஒரு நாள் எடுத்துவிட்டு அடுத்த வாரம் திரும்பி வந்தபோது பூக்களையெல்லாம் மாடுகள் மேய்ந்து தீர்த்திருந்தன. மறுபடி பூக்கும் பருவம் வரும்வரை காத்திருந்து முழுக்கத் திரும்பவும் எடுத்தார் ரே. பூ இருந்தால் போதும், எந்த வயலானாலும் சரி என்று அவர் நினைக்காதது ஏன் என்பதற்குப் பழைய டிவிடியில் பதில் கிடைக்காது.

இரண்டாவது, அப்பு நமக்கு அறிமுகமாகும் இடம். பள்ளிக்கூடத்துக்கு எழுப்ப வரும் துர்கா, போர்த்திப் படுத்திருக்கும் தம்பியின் போர்வைக் கிழிசலை விரித்து, மூடியிருக்கும் கண்ணை விரலால் திறக்கிறாள். திரை நிறைய ஒற்றைக் கண். மூன்று படங்களிலும் நாம் எதையெல்லாம் பார்க்கப்போகிறோமோ அதையெல்லாம் பார்க்கப்போகிற கண் அது. துணியின் இழையும் இமை மயிரும் கருவிழியின் ஈரமும் தெளிவாகத் தெரியும்போது அது குறும்பும் அன்பும் கலந்த ஒரு காலைப்பொழுது. மங்கலான பிரதியில் ஒரு கறுப்புப் புள்ளி அசைகிறது, அவ்வளவுதான்.

படம் மெதுவாக நகர்கிறது என்ற உங்கள் அனுபவத்துக்கு இதில் விடை இருக்கிறது. ஒரு காட்சி நீளமாகத் தெரிவதும் தெரியாததும் அதற்குள் கண்ணுக்கு எவ்வளவு வேலை இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நல்ல செய்தி சொல்லும் கடிதம் வந்ததும் ரே மனிதர்களை விட்டுவிட்டுக் குளத்துக்குப் போகிறார். நீர்ப்பூச்சிகள் அல்லி இலைகளுக்கு நடுவே சறுக்குகின்றன, தும்பிகள் அமர்ந்து எழுகின்றன, ரவி சங்கரின் சிதார் துள்ளுகிறது. பூச்சிகளின் கால் பட்டு நீர்ப்பரப்பு குழிவதுகூடத் தெரிந்தால் அந்தக் காட்சி முடிந்துவிட்டதே என்று இருக்கும். சேறு பூசியதுபோன்ற படத்தில் அதே காட்சி எப்போது முடியும் என்று இருக்கும். மிட்டாய்க்காரனும் அவன் பின்னால் பிள்ளைகளும் நாயும் வரிசையாகப் போவது குளத்து நீரில் தலைகீழாகத் தெரியும் காட்சியும் அப்படிப்பட்டதே. இவை கதையை ஓர் அங்குலமும் நகர்த்துவதில்லை. ஆனால் இந்தக் குழந்தைகள் தங்களை ஏழைகளாக நினைத்துக்கொண்டு வாழவில்லை, அவர்களுக்கு உலகம் நிறைய இருக்கிறது என்பதை இவைதான் சொல்கின்றன. அந்த நிறைவு நமக்குள் இறங்கியிருந்தால்தான், மழையில் ஆசைதீர நனைந்த துர்கா காய்ச்சலில் விழும்போது எதை இழக்கிறோம் என்று தெரியும். இல்லையென்றால் பாவப்பட்ட குடும்பத்தில் இன்னொரு சாவு என்று அது கடந்துபோகும்.

அந்த வீட்டை அண்டி வாழும் உறவுக்காரக் கிழவி இந்திர் பற்றியும் சொல்லியாக வேண்டும். எண்பதை எட்டிய சுனிபாலா தேவி, நாடக மேடையிலிருந்து ஓய்வு பெற்று நெடுநாளான பிறகு இந்த வேடத்தில் நடித்தார். படம் வெளியாகுமுன் காலமாகிவிட்டார். பணத் தட்டுப்பாட்டால் படப்பிடிப்பு நின்று நின்று ஆண்டுக்கணக்கில் நடந்தது. அந்த இடைவெளியில் அப்புவாக நடித்த சிறுவனின் குரல் உடையாமலும், துர்காவாக நடித்த சிறுமி வளர்ந்துவிடாமலும், சுனிபாலா தேவி இறந்துவிடாமலும் இருந்ததே அதிசயம் என்று ரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்த முகத்தை இயற்கை வெளிச்சத்தில் சுப்ரதா மித்ரா படமெடுத்திருக்கும் விதத்தைப் பாருங்கள். அதற்கு முன் திரைப்படக் கேமராவை இயக்கியே பழக்கமில்லாத இளைஞர் அவர். சுருக்கங்களுக்கு நடுவே ஒரு சிரிப்பு தொடங்கி ஓடுவதை ஒவ்வொரு கோடாகப் பின்தொடரலாம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. படச்சுருளில் தெரியும் நுண்துகள்களை, அதாவது கிரெயினை, அழுக்கு என்று நினைத்துக் கணினியால் துடைத்துவிடும் பழக்கம் வீடியோத் தயாரிப்பில் நெடுநாளாக இருக்கிறது. வெள்ளித் துகள்களாலேயே அந்தப் படம் உருவாகியிருப்பதால், துகளைத் துடைத்தால் தோலின் நுணுக்கமும் சேர்ந்தே போய்விடும். முகங்கள் மெழுகு பூசியவைபோல் ஆகிவிடும். இழந்த கூர்மையை ஈடுகட்ட உருவங்களின் விளிம்பில் செயற்கையாகக் கோடு ஏற்றுவது இரண்டாவது பாவம். பிரகாசமான வானத்துக்கு எதிரே நிற்கும் மரக்கிளையைச் சுற்றி மெல்லிய வெள்ளை ஒளிவட்டம் தெரிந்தால் அதுதான் காரணம். 2015 பதிப்பில் கிரெயின் உயிரோடு இருக்கிறது. அதைக் குறையாக எண்ண வேண்டாம். மூலம் மாறும் இடங்களில் ஒரு காட்சி சற்றுக் கூர்மையாகவும் அடுத்தது சற்று மென்மையாகவும் இருக்கும். சில இடங்களில் ஆரம்ப நாட்களின் அனுபவமின்மையும் தெரியும். அவை படத்தின் வரலாற்றோடு வந்தவை.

ஒலியைப் பலரும் பேசாமல் விட்டுவிடுகிறார்கள். வெளியூரிலிருந்து திரும்பும் அப்பா ஹரிஹர், மகள் இறந்தது தெரியாமல் அவளுக்கென்று வாங்கி வந்த சேலையை எடுத்து மனைவியிடம் நீட்டுகிறார். சர்பஜயா அதைப் பற்றிக்கொண்டு கதறுகிறாள். அவள் குரல் நமக்குக் கேட்பதில்லை. அதன் இடத்தில் தக்ஷிணா மோகன் தாகூர் வாசித்த தார் ஷெனாய் என்ற வில்லால் இசைக்கும் தந்தி வாத்தியம் உச்ச ஸ்தாயியில் வெடிக்கிறது. பழைய பிரதிகளில் அந்த உச்சத்தில் ஒலி பிளந்து கரகரப்பாகிவிடும், காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றும். ஒலித்தடம் படத்துக்குப் பக்கத்திலேயே சுருளில் ஒளிவடிவமாகப் பதிந்திருப்பதால், சுருளில் விழும் ஒவ்வொரு கீறலும் தூசியும் காதுக்கும் கேட்கும். புதிய பதிப்பின் ஒற்றைத்தட ஒலி சுருக்கப்படாமல் தரப்பட்டிருக்கிறது. தந்திக் கம்பத்தின் ரீங்காரம் போன்ற மெல்லொலிகள் இரைச்சலில் மூழ்காமல் பிழைத்திருக்கின்றன. உங்கள் டிவிடி ஐரோப்பாவின் பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் தயாரானது என்றால் இன்னொன்றும் நடந்திருக்கும்: நொடிக்கு 24 சட்டங்களாக ஓட வேண்டியது 25-ஆக ஓடி, இரண்டு மணி நேரப் படத்தில் ஐந்து நிமிடம் அளவுக்குச் சுருங்கி, சுருதியும் ஏறியிருக்கும். ராகத்தைக் காதில் ஏற்றிக்கொண்டு கேட்பவர்களுக்கு அது உறுத்தும். ஒரே இரவில் ஏறத்தாழ பதினொரு மணி நேரத்தில் ரவி சங்கர் பதிவு செய்து கொடுத்த இசை இது. அதன் சரியான சுருதியில் கேட்பதே முறை.

ஆகவே வாங்கலாமா என்றால், என் பதில் தயக்கமில்லாத ஆம். சாதாரண ப்ளூ-ரேயே போதும். டிவிடியின் 480 அல்லது 576 வரிகளிலிருந்து 1080 வரிகளுக்கு ஏறுவது பெரிய தாவல். அதைவிடப் பெரிய தாவல் மூலப்பொருள் மாறியது. 4கே என்ற, ப்ளூ-ரேயைவிட நுணுக்கமான அளவில் ஸ்கேன் செய்து மீட்டதிலிருந்து எடுக்கப்பட்டதால், ப்ளூ-ரேயிலும் அந்த உழைப்பின் பெரும்பகுதி கண்ணுக்கு வந்து சேர்கிறது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் நகல்களில் பலவும் பழைய வீடியோவைப் பெரிதாக்கியவை. 'எச்டி' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். நாணல் வெளிக் காட்சியை ஓடவிட்டுப் பூவும் வானமும் பிரிந்து தெரிகின்றனவா என்று பார்த்தால் நொடியில் தெரிந்துவிடும்.

வாங்குமுன் மண்டலக் குறியீட்டை, அதாவது தகடு எந்தப் பகுதியின் பிளேயர்களில் ஓடும் என்பதைக் காட்டும் எழுத்தை, கவனியுங்கள். கிரைட்டீரியனின் அமெரிக்கத் தகடு 'ஏ' மண்டலத்துக்கானது. இந்தியா 'சி' மண்டலத்தில் வருகிறது. ஆகவே எல்லா மண்டலங்களையும் ஏற்கும் பிளேயர் தேவைப்படலாம். தொலைக்காட்சியிலும் மூன்று மாற்றங்களைச் செய்துவிடுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியை நிறுத்திவிடுங்கள், ஏனென்றால் அது நடுவில் இல்லாத சட்டங்களைச் செருகி எல்லாவற்றையும் தொடர் நாடகம்போல் ஆக்கிவிடும். கூர்மை அளவைக் குறைத்து வையுங்கள். படத்தை அகலத்திரைக்கு இழுக்காமல் அதன் சதுரத்தை ஒட்டிய வடிவத்திலேயே, இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டையோடு பாருங்கள்; மேலும் கீழும் வெட்டிப் பெரிதாக்கினால் மித்ராவின் சட்ட அமைப்பு குலைந்துவிடும். புயல் இரவில் கதவும் சாக்குத் திரையும் மாடத்துப் பிள்ளையாரும் அதிரும் காட்சி பெரும்பாலும் இருட்டில் நடப்பதால், அறை விளக்கையும் அணைத்துவிடுவது நல்லது.

கிரைட்டீரியனின் அந்த ப்ளூ-ரே பெட்டியில் மூன்று படங்களும் சேர்ந்தே வருகின்றன. 'அபராஜிதோ'வில் காசி வீட்டு முற்றத்தை ஸ்டூடியோவில் அமைத்தபோது, மேலே துணியை விரித்துக் கட்டி, விளக்கை அதன் மீது அடித்துத் திருப்பி, திறந்த முற்றத்தில் இறங்கும் மெல்லிய பகல் வெளிச்சத்தை மித்ரா உருவாக்கினார். அந்த வெளிச்சம் உண்மையானதுதான் என்று புதிய பதிப்பில் நம்பிவிடுவீர்கள். மூன்றாவது படமான 'அபுர் சன்சாரு'க்கு எரிந்த நெகட்டிவ் எதுவும் பயன்படும் நிலையில் இல்லை. அது முழுவதும் பிந்தைய தலைமுறை மூலங்களிலிருந்தே மீட்கப்பட்டது. எனவே முதல் இரண்டின் சிறந்த பகுதிகளில் கண்ட நுணுக்கத்தை அதில் எதிர்பார்க்காமல் பாருங்கள். அது முகங்களையும் உரையாடலையும் அதிகம் நம்பியிருக்கும் படம் என்பதால் இழப்பு பெரிதாகத் தெரியாது.